பெயர் கடைசியில் வரும்

தணிகைமணியின் ஆட்டோ வந்தால் மேட்டுத்தெருவில் தறிகள் நிற்கும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நிற்கும். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற பாதையில் இருக்கும் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. ஓடுகிற நேரத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. ஆனால் தெருமுனையில் அந்த இரட்டைக் குழாய் ஸ்பீக்கர் கரகரத்தால் போதும், சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும் அதை ஊருக்குச் சொல்கிறவர் தணிகைமணிதான்.

அதைச் சொல்வதற்கு அவரிடம் ஒரு முறை இருக்கிறது. எந்த ஊர், எந்தத் தெரு என்று முதலில் சொல்வார். இன்னாருடைய மகன், இன்னாருடைய மருமகன், இன்னாருடைய தகப்பனார் என்று உறவை வரிசையாக அடுக்குவார். செத்தவர் பெயர் கடைசியில்தான் வரும்.

"பேர மொதல்லயே சொல்லிட்டா பாதிப் பேரு உள்ள போயிடுவாங்க சிஸ்டர். எத்தினி மணிக்கு எடுக்கறாங்கன்னு கேக்க ஆள் இருக்காது" என்று ஒருமுறை என்னிடம் விளக்கினார். அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

நான் தேவசுந்தரி, இந்தப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தின் நர்ஸ். மாசமாக இருப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது, பிள்ளைகளுக்கு ஊசி போடுவது, மாமியார்களோடு சண்டை பிடிப்பது, மூன்றும் என் வேலை. கோபம் சீக்கிரம் வரும் எனக்கு, வந்தால் சீக்கிரம் போகாது.

கொரோனா இரண்டாவது அலை அடித்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்தில் நடக்கும் தடுப்பூசி முகாமை ஊருக்குச் சொல்ல ஒரு மைக் வண்டி வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் இருந்த ஒரே மைக் வண்டி தணிகைமணியுடையது. "தகுதியுள்ள அனைவரும் தவறாமல் தடுப்பூசி செலுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதிக் கொடுத்ததை, சாவுச் சேதி சொல்கிற அதே குரலில், அதே இழுவையில், அவர் தெருத்தெருவாகப் படித்துக்கொண்டு போனார். ஜனங்கள் தறியை நிறுத்திவிட்டுப் பெயருக்காகக் காத்திருந்தார்கள். பெயர் வரவில்லை என்றதும் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஜூனில் ஒருநாள் காலையில் இரண்டாவது முகாமைச் சொல்லிவிட்டுப் போன வண்டி சாயங்காலம் திரும்பவும் வந்தது. "மேட்டுத்தெரு துளசிங்கம், கௌரியம்மாள் ஆகியோரின் அருமை மகளும், பிரேம்குமாரின் அன்புத் தங்கையுமாகிய கல்பனா அவர்கள்" என்றார் தணிகைமணி. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்த பெண். எட்டு மாதம். காய்ச்சலென்று படுத்தாள், மூச்சு முட்டியது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. வாராவாரம் அவள் கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்த்தவள் நான். அந்தச் சாயங்காலம் என் வீட்டு வாசலில் நின்று அந்தக் குரலைக் கேட்டேன். அதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

காலையில் ஊசி, சாயங்காலம் சாவு. வண்டியும் ஒன்று, குரலும் ஒன்று. தெரு இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டது. கல்பனா ஊசி போட்டுத்தான் செத்தாள் என்று பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு ஆட்டோ சத்தம் கேட்டால் தறி நின்றது, கூடவே கதவும் சாத்தப்பட்டது. நான் கைப்பையோடு தெருவில் நுழைந்தால் வயசுப் பெண்கள் பின்கட்டுக்கு ஓடினார்கள்.

ஜூலையில் உத்தரவு மாறியது. அதுவரைக்கும் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி இல்லை, இனிமேல் போடலாம் என்றார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது துர்கா. பிரேம்குமாரின் மனைவி, கல்பனாவின் அண்ணி. ஏழாவது மாதம். அந்த வீட்டில் இன்னொரு பெண் மூச்சுக்குத் திணறுவதைப் பார்க்க நான் தயாராக இல்லை. அந்தத் தெருவில் அந்தச் சமயத்தில் எனக்கு வேறெதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். துர்கா உள்ளே ராட்டினத்தில் தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கௌரியம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக 'வாங்க நர்ஸம்மா' என்பவள் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டாள்.

"எம்பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு வந்து உங்கிட்ட கைய நீட்டினா. மாசமா இருக்கறவங்களுக்கு இல்லம்மா, வூட்டுக்குப் போன்னு நீதானே திருப்பி அனுப்பிச்சே? இப்போ மருமவளுக்குப் போடலாம்ன்றே. அன்னிக்கு சொன்னது பொய்யா, இன்னிக்கு சொல்றது பொய்யா?"

எதற்கும் என்னிடம் பதில் உண்டு. மாமியார்களிடம் வாய் கொடுத்தே வயதானவள். அன்றைக்கு "ரெண்டும் பொய் இல்ல கௌரிம்மா" என்றுதான் ஆரம்பித்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

தெருமுனை வரைக்கும் பிரேம்குமார் பின்னாலேயே வந்தான். "அம்மாவ தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். தெருவுல ஊசியாலதான் போச்சுன்னு பேசிக்கினு இருக்காங்க. அம்மா ஆமான்னும் சொல்ல மாட்டேங்குது, இல்லன்னும் சொல்ல மாட்டேங்குது. போடவே இல்லன்னு சொல்லேன்னு நைனா சொன்னாருன்னா எழுந்து போயிடுது."

கல்பனாவுக்கு ஊசியே போடவில்லை என்பது அந்த வீட்டுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அதைத் தெருவில் போட்டு உடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் என்னிடம் வந்துபோகிறவர்களின் சமாசாரத்தை நான் தெருவில் சொன்னதில்லை, செத்தவர்கள் சமாசாரத்தையும்தான். சொல்வதானால் பெற்றவள் சொல்ல வேண்டும்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம். எங்கள் டாக்டர் சின்ன வயது, நல்ல மனுஷர், தூங்கிப் பல நாளான முகம். மேலே இருந்து வந்த ஒரு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். தேன் ஒழுகும் பெண் குரல். கர்ப்பிணித் தாய்மார்களே, பாதுகாப்பான தடுப்பூசி, பதற்றம் வேண்டாம், தயக்கம் வேண்டாம். போன மாதம் வரைக்கும் வேண்டாம் என்று சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இது வேணாம் சார்" என்றேன்.

"ஏன் சிஸ்டர்? நல்லாத்தானே இருக்கு."

"முந்தி வராதீங்கன்னு சொன்னதும் நாமதான். அத முழுங்கிட்டு இதச் சொன்னா, இவங்க எதையோ மறைக்கறாங்கன்னுதான் நெனைப்பாங்க."

"மாத்திட்டோம்னு நாமளே சொன்னா குழப்பம் வராதா?"

"குழப்பம் எப்பவோ வந்தாச்சு சார். இல்லாத மாதிரி நாமதான் பேசினு இருக்கோம்."

என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். டாக்டர் அந்த ஒலிப்பதிவை நிறுத்தினார்.

"சரி, மேட்டுத்தெருவுல நீங்களே பேசுங்க. மருத்துவ விஷயத்துல சந்தேகம்னா உடனே எனக்கு போன் பண்ணுங்க. எவனாவது கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லிடுங்க."

இப்படி ஒருவர் மேலே இருந்தால் மலையையே ஏறிவிடலாம். நான் நேராகத் தணிகைமணியிடம் போனேன்.

யோசனையைக் கேட்டதும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "என் வண்டியில இதுவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல சிஸ்டர். உயிரோட இருக்கறவங்களுக்கு இப்டிப் படிச்சதும் இல்ல."

"நீங்க பொய் சொல்லவே வேணாம். எல்லாம் உண்மைதான். என் பேரு வரைக்கும் நீங்க படிங்க. அப்பறம் மைக்க எங்கிட்ட குடுத்துடுங்க."

"அடிக்க வருவாங்க."

"வரட்டும். வாசலுக்கு வந்தாப் போதும் எனக்கு."

ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்த நாட்கள். சாதாரண வருஷமாக இருந்தால் காவடிக் கூட்டமும் மஞ்சள் துணியுமாகப் பாதை நிறைந்திருக்கும். அந்த வருஷம் மலைக்கு விடுவார்களா என்றே யாருக்கும் தெரியாது. எல்லாமே இப்படி மாறிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் மட்டும் மாறாததுபோல மைக்கில் பேசிக்கொண்டிருந்தோம். இதை நினைத்துத்தான் எனக்கு ஆத்திரம்.

அன்றைக்குச் சாயங்காலமே ஆட்டோவின் பின்சீட்டில் படுதாவை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். மேட்டுத்தெரு முனையில் ஸ்பீக்கர் கரகரத்தது. வழக்கப்படி தறிகள் நின்றன. தணிகைமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மணவூர் இரயில் நிலையத்தில் பணியாற்றிய காலஞ்சென்ற ஞானமுத்து அவர்களின் மகளும், ஞானம்மாள் அவர்களின் மருமகளும், டேவிட்சன் அவர்களின் அன்பு மனைவியும், அபிகாயிலின் தாயாருமாகிய..."

சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. அபிகாயில் என்ற பெயரை அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் என்னோடு சொட்டு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்.

"...நமது ஊர் சுகாதார நர்ஸ் தேவசுந்தரி அவர்கள்..."

"ஐயோ!" என்று ஒரு குரல் எழுந்தது. அது கௌரியம்மாளின் குரல். படுதா இடுக்கு வழியாகப் பார்த்தேன். தலைமுடி அவிழ்ந்து தொங்க, செருப்பில்லாமல், வாயில் கையை வைத்துக்கொண்டு தெரு நடுவுக்கே ஓடி வந்திருந்தாள். முந்தின நாள் என் முகத்தில் கதவைச் சாத்தியவள்.

படுதாவைத் தூக்கிவிட்டு மைக்கை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

"உயிரோடதான் இருக்கேன். அழாதீங்க."

அப்புறம் வாங்கிய திட்டுகளை எழுத முடியாது. எதிர்வீட்டுத் தமயந்தி என் குடும்பத்தையே இழுத்தாள். பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். "உனக்கு அறிவு கிறிவு இருக்கா?" என்று கௌரியம்மாள் கத்தினாள். கண் நிறைந்திருந்தது அவளுக்கு. துக்கம் நடந்த தெருவில் இப்படிச் செய்யலாமா என்று நீங்களும் கேட்பீர்கள். கேளுங்கள். அந்தத் தெருவில் பல நாளாகச் சாத்தியிருந்த கதவெல்லாம் அன்றைக்குத் திறந்திருந்தது, ஆட்கள் வாசலில் நின்றார்கள்.

"திட்டினு இருங்க, நான் பேசிக்கினே இருக்கேன்" என்று ஆரம்பித்தேன். "போன மாசம் வரைக்கும், மாசமா இருக்கறவங்க ஊசிக்கு வர வேணாம்னு சொன்னோம். இன்னிக்கு வாங்கன்னு சொல்றோம். ஆங், மாத்தித்தான் சொல்றோம். ஏன்னு கேட்டுட்டு உள்ள போங்க. அன்னிக்கு, மாசமா இருக்கறவங்களுக்கு இது ஒத்துக்குமான்னு சொல்ற அளவுக்கு வெவரம் கையில இல்ல. இப்போ பல ஊர்ல, பல நாட்டுல போட்டுக்கினவங்களப் பாத்து வெவரம் வந்திருக்கு. ஊசியால வர்ற தொல்லை கொஞ்சம், இந்த நோவு வந்தா அவங்களுக்கு வர்ற ஆபத்து ரொம்ப அதிகம். ஊசி போட்டா அப்பறம் கொரோனாவே வராதான்னு கேட்டா, வரலாம். ஆனா உயிருக்கு ஆபத்தாப் போறது கொறையும். எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான். தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன்."

"நாளைக்கு மறுபடியும் மாத்துவீங்களா?" என்று தமயந்தி கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள்.

"மாத்த வேண்டி வந்தா மாத்துவேன். ஆனா அத வேற யார் வாயாலயோ நீங்க கேக்க விட மாட்டேன். நானே இதே எடத்துல வந்து நின்னு சொல்லுவேன்."

கூட்டம் கொஞ்சம் அடங்கியது. அப்போதுதான் கௌரியம்மாள் என் எதிரில் வந்து நின்றாள். முந்தின நாள் வாசலில் கேட்டதையே திரும்பவும் கேட்டாள், இந்த முறை தெருவே கேட்கும்படி.

"எம்பொண்ணு கைய நீட்டினா, போடாம அனுப்பிச்சியே. அது பொய்யா, இது பொய்யா?"

தமயந்திக்கு முகம் மாறியது. "அப்போ கல்பனாவுக்கு ஊசியே போடலியா?"

கௌரியம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். "போடல. நீங்கள்லாம் ஊசியாலன்னு பேசிக்கினு இருந்தீங்க. நானும் வாய மூடினு இருந்தேன். எதாவது ஒண்ணு மேல பழி போட்டாத் தேவலன்னு இருந்துச்சு எனக்கு. போடல. போடவே இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரெண்டும் பொய் இல்ல கௌரிம்மா" என்றேன். "அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். இன்னிக்குத் தெரியறது அன்னிக்கே தெரிஞ்சிருந்தா, அவ வேணாம்னாலும் கையப் புடிச்சு இழுத்துப் போட்டிருப்பேன்."

மைக்கை வாயருகில் வைத்திருந்ததை மறந்துவிட்டேன். என் குரல் உடைந்தது இரண்டு ஸ்பீக்கரிலும் தெரு முழுக்கக் கேட்டது. எனக்கு அழுகையை அடக்கத் தெரியும், எத்தனையோ வீடுகளில் அடக்கியிருக்கிறேன். அன்று அடக்கத் தோன்றவில்லை. கௌரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சிஸ்டர், எனக்கு ஒண்ணு கேக்கணும்."

துர்கா. வாசற்படியில் ஒரு கையை இடுப்பில் ஊன்றி நின்றாள். அந்த வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஊசியைப் பற்றிப் பேசியதெல்லாம் அவள் மாமியாரோடுதான், அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"கேளும்மா."

"ஜொரம் வரும்ன்றாங்களே, வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"ஜொரம் வரலாம், கை வலிக்கும், ஒடம்பு அடிச்சுப் போட்டாப்ல இருக்கும். மாத்திரை தரேன். மாத்திரை போட்டும் எறங்கல, மூச்சு வாங்குது, கொழந்த அசைவு கொறையுதுன்னா ஒடனே எனக்கு போன் பண்ணு, எந்நேரமா இருந்தாலும் சரி. ஒண்ணுமே ஆவாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன் துர்கா. எந்த வயித்துப் புள்ளைக்கும் நான் சத்தியம் பண்ணது கெடையாது. ஆனா நீ எம்பொண்ணு அபிகாயிலா இருந்தா, நாளைக்கு மொத நாற்காலியில உன்னத்தான் உக்கார வெப்பேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். கணவனைப் பார்த்தாள். "பாவா, நாளைக்கு என்ன பள்ளிக்கூடத்துக்குக் கூட்டினு போ" என்றாள். அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

கௌரியம்மாள் உள்ளே போய்த் தறியைப் போட்டாள். ஒவ்வொரு வீடாகத் தறி ஓட ஆரம்பித்தது. என் வேலை முடிந்தது என்று தணிகைமணியிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேனே தவிர, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் நாற்காலிகளைப் போட்டுவிட்டு நானும் டாக்டரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். அப்போது பிரேம்குமாரின் வண்டி வந்து நின்றது. பின்னால் துர்கா. அதற்கும் பின்னால் வெயிலில் வேகுவேகுவென்று நடந்துவந்தாள் கௌரியம்மாள்.

துர்கா உட்காரப் போன நாற்காலியில் கௌரியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள்.

"மொதல்ல எனக்குப் போடு. அப்பறம் அவளுக்கு."

போட்டேன். கண்ணை மூடாமல் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். துர்காவுக்குப் போடும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரை மணி நேரம் உட்கார வைத்து அனுப்பினேன்.

அடுத்த நாள் கௌரியம்மாளிடமிருந்து போன் வந்தது. "நர்ஸம்மா, ரெண்டு பேருக்கும் ஜொரம்."

"மூச்சு எப்டி இருக்கு? அசைவு இருக்கா? பயமா இருக்கா?"

"அசைவெல்லாம் நல்லா இருக்கு, உள்ளயே ஓடியாடினு இருக்குது. பயம் இன்னாத்துக்கு? நீதானே வரும்னு சொன்னே. வந்திருக்கு. சொல்லலாம்னு போன் போட்டேன்."

போனை வைத்த பிறகு சத்தமாகச் சிரித்தேன். பாதுகாப்பானது, பதற்றம் வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்தக் காய்ச்சலே தெருவைத் திரும்பவும் பூட்டியிருக்கும். இப்போது அதுவே எனக்குச் சாட்சியாக வந்து நின்றது. கௌரியம்மாள் ஒரு வாரம் வீடு வீடாகப் போய், "வரும்னாங்க, வந்துச்சு, மாத்திரை போட்டேன், போயிடுச்சு" என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த முகாமில் நாற்காலி பற்றவில்லை. தமயந்தி வந்து வரிசையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள்.

புரட்டாசி மாதம். துர்காவுக்கு வலி எடுத்து பிரேம்குமார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தான். என்ன ஆயிற்று என்று அவனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, கௌரியம்மாளும் எடுக்கவில்லை. என்னவோ ஏதோ என்று மேட்டுத்தெருவுக்கே நடந்தேன். துளசிங்கத்தைக் கேட்கலாம் என்று பாதித் தெரு போயிருப்பேன், பின்னால் ஸ்பீக்கர் கரகரத்தது.

தறிகள் நின்றன. தணிகைமணியின் ஆட்டோ, அதே குரல், அதே இழுவை.

"மேட்டுத்தெரு துளசிங்கம், கௌரியம்மாள் ஆகியோரின்..."

அதே வார்த்தைகள், அதே வரிசை. கல்பனாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"...அன்புப் பேத்தியும், பிரேம்குமார், துர்கா ஆகியோரின் அருமை மகளுமாகிய..."

பேத்தி என்பது காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பெயருக்காகக் காத்திருந்தது. தணிகைமணி நிறுத்திவிட்டார். ஆட்டோவின் படுதா மேலே போயிற்று. உள்ளே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, மைக்கைத் தப்பாகத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு, கௌரியம்மாள்.

"பேரு இன்னும் வெக்கல. காலைலதான் பொறந்துச்சு. தாயும் புள்ளையும் ஆஸ்பத்திரியில நல்லா இருக்காங்க." என்னைப் பார்த்துவிட்டாள். "நர்ஸம்மா, அழாதே."